கொள்ளைநோயும் கல்வியும் – 6: மாணவருக்கு வார்டு திறந்த கதை

மருத்துவ மாணவர் நோயைப் புத்தகத்தில் படிக்கலாம். நோயாளியை வார்டில்தான் படிக்க முடியும். 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவரை நோயாளியின் பக்கத்தில் நிறுத்தச் சொன்னது. செய்து பழகியதை லாக் புக்கில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பாடத்திட்டத்தின் முதல் அணி ஓராண்டை முடிப்பதற்குள் 2020 மார்ச் வந்துவிட்டது. கல்லூரிகள் மூடப்பட்டன, விடுதிகள் காலியாயின. ஹவுஸ் சர்ஜன்களும் முதுநிலை மாணவர்களும் பணியில் நீடிக்க, மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி கைப்பேசித் திரைக்குள் சுருங்கியது.

தூத்துக்குடியின் மில்லர்புரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி, 2000இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி. துறைமுகத் தொழிலாளரும் உப்பளத்தில் வேலை செய்வோரும் கடலோரக் கிராமத்தாரும் வந்துசேரும் அதன் மருத்துவமனையைப் போன்ற இடங்களே மாணவருக்கு உண்மையான வகுப்பறை. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் 2020 டிசம்பர் 7 முதல் மெல்லத் திறந்தன. இடைப்பட்ட எட்டு மாதங்களின் இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. தாயோ தந்தையோ டாக்டராக இருந்தால் வீட்டு கிளினிக்கில் நின்று பார்க்க வழி இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு அது இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதன்முதலாக இடம் பெற்றவர்களும் இதே 2020 இறுதியில்தான் சேர்ந்தார்கள். கல்லூரியை விட்டால் ஆஸ்பத்திரி அனுபவத்துக்கு வேறு வாசல் இல்லாத பிள்ளைகள் அவர்கள். முதல் அலையில் மாணவரைப் பாதுகாக்க நினைத்தது நியாயம். ஆனால் அவர்களுக்கு ஏற்ற பாதுகாப்பான வேலை எது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த யோசனை இரண்டாம் அலையின் உச்சத்தில் வந்தது. 2021 மே 3 அன்று மத்திய அரசு முதுநிலை நீட் தேர்வைக் குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைத்தது. பயிற்சி மருத்துவர்களை ஆசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணிக்கு அமர்த்தலாம் என்றது. இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள், உரிய பயிற்சிக்குப் பின், லேசான பாதிப்புள்ளவர்களைத் தொலைபேசியில் கண்காணிக்கலாம். நூறு நாள் கோவிட் பணி முடித்தவர்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் முன்னுரிமை உண்டு. பணிக்கு வருவோருக்குத் தடுப்பூசி போட வேண்டும், சுகாதாரப் பணியாளருக்கான அரசுக் காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. 2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் சுகாதாரப் பணியாளரிலிருந்தே ஆரம்பித்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

தொலைபேசி வேலைதானே என்று எண்ணக் கூடாது. வீட்டுத் தனிமையில் இருப்பவரிடம் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டால் மட்டும் போதாது. விரல் குளிர்ந்திருக்கிறதா, நகப்பூச்சோ மருதாணியோ இருக்கிறதா, வேறு விரலில் வைத்துப் பார்த்தால் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரை, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்ல வேண்டும். அன்றைய வழிகாட்டுதல்படி மூச்சு 24ஐ எட்டினாலோ ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனாலோ மிதமான பாதிப்பு. மூச்சு 30ஐத் தாண்டினாலோ அளவு 90க்குக் கீழே இறங்கினாலோ தீவிரம். “எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்” என்று சொல்பவர், அந்த ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எத்தனை முறை மூச்சு வாங்குகிறார் என்பதைக் காது பிடிக்க வேண்டும். உடனே மேலே இருக்கும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் வாய்மொழியிலிருந்து நோயை எடுப்பது மருத்துவத்தின் அடிப்படை. அதைப் பழக இதைவிட நல்ல களம் அரிது.

வார்டில் நின்ற பயிற்சி மருத்துவருக்குப் பாடம் இன்னும் கடினம். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் போதுமா, பையுள்ள முகமூடியில் 15 லிட்டர் வரை ஏற்ற வேண்டுமா, குப்புறப் படுக்கவைத்தால் அளவு ஏறுகிறதா என்று கட்டிலுக்குக் கட்டில் பார்க்க வேண்டியிருந்தது. ஆக்சிஜனே தட்டுப்பாடாக இருந்த மே மாதம் அது. உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் உற்பத்தியான ஆக்சிஜனின் முதல் லோடு, 4.8 டன், மே 13 அன்று திருநெல்வேலிக்குப் போனது. அத்தகைய நேரத்தில் தேவைக்கு மேல் திறந்துவிட்ட ஒரு ஃப்ளோ மீட்டரைக் கவனித்துக் குறைப்பதும் உயிர் காக்கும் வேலையே.

மாணவர் கையால் உயிர் பிழைத்ததற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய சான்று உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இயந்திரம் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கட்டிலோரம் உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். அத்தகைய நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் வளர்ந்தது.

வார்டு கிடைக்காமலே படிப்பு முடிந்தவர்களின் சிக்கல் வேறு. சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். எஞ்சிய படிப்பை இணையவழியில் முடித்துப் பட்டமும் பெற்றார்கள். அவர்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்ய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் சென்றது. நேரடிப் பயிற்சி இல்லாமல் மருத்துவராக முடியாது என்பதை ஏற்ற நீதிமன்றம், இவர்களுக்கென ஒரு திட்டம் வகுக்குமாறு தேசிய மருத்துவ ஆணையத்துக்கு 2022 ஏப்ரல் 29 அன்று உத்தரவிட்டது. மாணவரின் பிழையில்லாத இழப்பையும் நோயாளியின் பாதுகாப்பையும் ஒருசேர எண்ணிய தீர்ப்பு அது. ஜூலை 28இல் ஆணையம் வழி சொன்னது: இறுதியாண்டில் திரும்பி வந்து, 2022 ஜூன் 30க்குள் படிப்பை முடித்த சான்று பெற்றவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேறியவர்கள், வெளிநாட்டில் நேரில் பெற முடியாமல் போன பயிற்சியை ஈடுகட்டவும் இந்தியச் சூழலில் பழகவும், ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு இங்குள்ள மருத்துவமனைகளில் உள்ளிருப்புப் பயிற்சி பெற வேண்டும்.