தண்ணீர் தெளிவு, மீன் மட்டும் சாவு: புதுத் தொட்டியில் அம்மோனியாவை அடக்குவது எப்படி?

பூந்தமல்லி - ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கம் போன்ற ஊர்களில் வயல் சுருங்கி வீட்டு மனை பெருகிவிட்டது. மீதமிருக்கும் கொல்லையில் நாலைந்து சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு இது தோதான பகுதிதான். கொளத்தூர் வண்ணமீன் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால், தொட்டி கட்டி மீன் விட்ட பலர் முதல் மாதத்திலேயே மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். மீன் மட்டும் தினமும் இரண்டு, மூன்று என்று செத்து மிதக்கும். நோய் மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நீல மருந்து, மஞ்சள் மருந்து என ஊற்றுவார்கள். பெரும்பாலும் அங்கே நோய் எதுவும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான் காரணம்.

யூரியா போட்டுப் பழகிய விவசாயிக்கு இது புரியாத விஷயம் அல்ல. மண்ணில் போட்ட யூரியா அம்மோனியமாக மாறுகிறது. பிறகு நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் தொட்டியிலும் இதே வேலை நடந்தாக வேண்டும். மீன் தின்ற புரதம் அம்மோனியாவாகி, பெரும்பகுதி செவுள் வழியே வெளியேறுகிறது. மிச்சத் தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். மண்ணில் அந்த நுண்ணுயிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி, பஞ்சு வடிகட்டியிலும் சுவரிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவைக் கட்டுக்குள் வைப்பது வளர்ப்பவரின் பொறுப்பு.

கணக்கு இதுதான். 35 சதவீதப் புரதமுள்ள தீவனம் 1 கிராம் போட்டால், சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா உருவாகும். 100 லிட்டர் தொட்டி என்றால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், அதாவது 0.3 பி.பி.எம். தினமும் இப்படிப் போட்டால் நாலே நாளில் 1 பி.பி.எம்.மைத் தாண்டிவிடும். பத்து கப்பி மீனுக்கு ஒரு நாளைக்கு 1 கிராமில் பத்தில் ஒரு பங்கு தீவனமே தாராளம். மேலே வந்து வாய் திறக்கிறதே, பசிக்கிறது போல என்று அள்ளிப் போடுவதில்தான் பாதித் தொட்டிகள் கெடுகின்றன.

ஒரே அளவு, வேறு விளைவு

கடையில் விற்கும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டி மொத்த அம்மோனியாவைக் காட்டும். அதில் எவ்வளவு நஞ்சு என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருந்தால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் சுமார் 7 சதவீதம், 8.5 ஆனால் சுமார் 20 சதவீதம், 9 ஆனால் 45 சதவீதம் வரை போகும். நஞ்சு வடிவம் 0.05 பி.பி.எம்.மைத் தாண்டினாலே செவுள் பாதிக்கத் தொடங்கும். ஒருவர் தொட்டியில் 1 பி.பி.எம். காட்டியும் மீன் நன்றாக இருக்க, பக்கத்து வீட்டில் அதே 1 பி.பி.எம்.மில் மீன் சாவது இதனால்தான். களர் மண்ணில் மேலாகத் தூவிய யூரியா ஆவியாகிப் போவதும் இதே வேதியியல்தான்.

எனவே அம்மோனியாவோடு பி.எச்.சையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்தவுடன் பார்த்தால் 7 என்று காட்டலாம். அதில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறியதும், மறுநாள் அதே நீர் 8 காட்டும். ஒரு நாள் காற்று விட்டு வைத்த பிறகு பார்க்கும் அளவே உண்மையான அளவு. புது சிமென்ட் தொட்டி இன்னும் மோசம். அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். 10-ஐயும் தாண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, பி.எச். 8-க்குக் கீழே நின்ற பிறகே மீன் விட வேண்டும்.

முதல் மாதம் செய்ய வேண்டியவை

தொடக்கத்தில் 100 லிட்டருக்கு எட்டு, பத்து கப்பி அல்லது பிளாட்டி போதும். கழிவு அதிகம் விடும் பொன்மீனையும், பட்டினி தாங்காத குஞ்சுகளையும் முதல் மாதத்தில் விடக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தீவனம் கொடுக்கலாம். வளர்ந்த மீன் இதனால் சாகாது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போட வேண்டாம்.

அம்மோனியாவைத் தினமும் சோதிக்க வேண்டும். பி.எச். 8 உள்ள தண்ணீரில் 0.5 பி.பி.எம். காட்டினாலே தீவனத்தை நிறுத்திப் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் அம்மோனியாவும் பாதியாகும். கால் பங்கு மாற்றினால் கால் பங்குதான் குறையும். தண்ணீர் மாற்றினால் நல்ல நுண்ணுயிரி போய்விடும் என்ற பயம் தேவையில்லை. அவை நீரில் மிதப்பதை விடப் பஞ்சிலும் சுவரிலும் ஒட்டி வாழ்பவை. தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுவதும், பஞ்சைக் குழாய் நீரில் அலசுவதும்தான் அவற்றை அழிக்கும். அப்படிச் செய்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து போட வேண்டும்.

மாற்றும் தண்ணீர் குளோரின் கலந்த குழாய் நீரோ லாரி நீரோ என்றால், ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று விட வேண்டும். அவசரம் என்றால், குளோரின் 1 பி.பி.எம். அளவுக்கு உள்ள 100 லிட்டர் நீருக்கு 1 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்து ஊற்றலாம். கோடை மதியத்தில் மாடித் தொட்டி நீரை நேராக விடக் கூடாது. அந்தச் சூட்டிலேயே மீன் செத்துவிடும்.

காத்திருக்கும் காலத்தைக் குறைக்க நல்ல வழி, நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய பஞ்சு ஒன்றை வாங்கி வந்து ஈரம் காயாமல் புதுத் தொட்டியில் போடுவதுதான். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். புட்டியில் விற்கும் நுண்ணுயிரிக் கரைசல்களில் பல, கசடைச் செரிக்கும் பேசில்லஸ் வகை. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வகை அல்ல. காசு கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கவும். காற்று இயந்திரம் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, நுண்ணுயிரிகளுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும்.

வெயில் படும் வெளித் தொட்டிகளில் ஒரு அடையாளம் உண்டு. விடியற்காலையில் மட்டும் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு. பிற்பகல் 2, 3 மணிக்குத் திணறினால் அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறி, காலையில் பாதிக்காத அம்மோனியா மதியம் நஞ்சாகிவிடும்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். இது ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத் திணற வைக்கும். 100 லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பு கரைத்து விட்டால் நைட்ரைட் உடலில் ஏறுவது குறையும். உப்பு அம்மோனியாவுக்கு மருந்தல்ல. இறால் பண்ணையில் போடும் ஜியோலைட்டை நன்னீர்த் தொட்டியில் போட்டால் அம்மோனியாவைப் பிடிக்கும். ஆனால், உப்பு சேர்த்தால் பிடித்ததை மீண்டும் விட்டுவிடும். இரண்டையும் ஒன்றாகப் போடவே கூடாது.

தீவனம் கொடுத்த மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, அப்படியே ஒரு வாரம் நின்றால் தொட்டி தயார். அதற்குப் பிறகும் மீனை ஒரேயடியாகக் கொட்டாமல், வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொட்டி கட்டத் தொடங்கலாம்.