இரண்டு கேஷ்!

சுட்டிகளே, கடையில் பில் போடும் அண்ணன், “கேஷா, கார்டா?” என்று கேட்பார் இல்லையா? கேஷ் என்றால் ரொக்கம். நம் ‘காசு’தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேஷ்’ ஆனது என்று பலர் சொல்வார்கள். ஒலியும் பொருளும் ஒத்துப்போவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால், சொற்களை ஆராயும் மொழியியல் அறிஞர்களுக்கு அது மட்டும் போதாது. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஏட்டில், எந்தப் பொருளில் வந்தது, எந்த மொழிகள் வழியாக நடந்து வந்தது என்று தேடிப் பார்ப்பார்கள்.

அப்படித் தேடியதில், ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருப்பது தெரிந்தது!

முதலாவது, கடைக்கார அண்ணன் கேட்கும் ரொக்கம். லத்தீன் மொழியில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. நாளடைவில் பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊர்மக்கள் சிரித்தார்கள் என்று புரிந்துகொள்கிறோமே, அதே ஆகுபெயர்தான் இதுவும். பென்சில் கேஸில் உள்ள ‘கேஸ்’, மருந்து அடைத்த ‘கேப்ஸ்யூல்’ ஆகியவையும் அந்த லத்தீன் பெட்டியின் வாரிசுகளே. கேப்ஸ்யூல் என்றால் குட்டிப் பெட்டி!

இரண்டாவது கேஷ், நம் காசேதான். தமிழகத்தில் வணிகம் செய்த போர்ச்சுக்கீசியர்கள் காசைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி ‘காய்ஷா’ என்றார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் அதைக் ‘கேஷ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதியபோது 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். பணமும் வராகனும் அன்றைய நாணயங்களின் பெயர்கள். அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு! அந்தக் காசைத்தான் ஆங்கிலக் கணக்கேடுகள் ‘கேஷ்’ என்று குறித்தன.

இந்தப் பெயர் சீனாவரை போனது. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீன நாணயங்களை ஐரோப்பியர்கள் ‘கேஷ்’ என்றே அழைத்தார்கள். அந்த ஓட்டை எதற்குத் தெரியுமா? அந்த நாணயங்கள் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டவை. அதனால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். பல நாணயங்களை ஒரு சதுரக் கம்பியில் கோத்தால், அவை சுழலாமல் நிற்கும். எல்லா விளிம்புகளையும் ஒரே நேரத்தில் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கலாம். பிறகு கயிற்றில் கோத்து எடுத்துச் செல்லவும் அந்த ஓட்டை உதவியது.

ஆகவே, ஒலி ஒத்திருந்தால் உடனே உறவு என்று முடிவு கட்டாதீர்கள், சான்று கேளுங்கள். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்தான். அவை எப்படிப் போயின என்று பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் நீங்களே தேடிப் பாருங்களேன்!