அலையைத் தடுக்கும் பளிங்கு

மயிலிறகின் நீலத்தையும் பச்சையையும் கண்டு மகிழாதார் இலர். ஆயின் அவ்விறகை நுண்பொடியாக அரைத்துப் பார்த்தால் அந்நிறங்கள் மறைந்து, மங்கிய கபில நிறமே எஞ்சும். அவற்றின் பிறப்பிடம் சாயம் அன்று. இறகினுள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ள நுண்ணிய கோல்களே அவற்றைத் தருகின்றன. அவ்வடுக்கின் இடைவெளிக்கு ஏற்ற அலைநீளமுடைய ஒளி உள்ளே செல்லமாட்டாது திரும்பிவிடுகிறது. அதுவே காண்போர் கண்ணுக்கு நிறமாகத் தோன்றுகிறது.

ஒளியும் வானொலி அலையும் ஓரினத்தவை; அலைநீளத்தில் மட்டுமே வேறுபடுவன என்பதை நேயர்கள் அறிவர். அவ்வாறாயின், இறகு ஒளிக்குச் செய்வதை மனிதன் வானொலி அலைக்குச் செய்தல் கூடாதா?

இவ்வினா அன்ரெனாவின் பழைய குறையொன்றோடு தொடர்புடையது. சிறு கருவிகளில் அன்ரெனா தனித்து நிற்பதில்லை. ஒரு பலகையின்மேற் படிந்திருக்கும். அப்பலகை சிலிக்கன் போன்ற அடர்ந்த பொருளாயின், அலை காற்றை விட்டு அதனுள்ளேயே பெரிதும் பாயும். தடித்த சிலிக்கனின்மேல் அமைந்த எளிய அன்ரெனாவிலிருந்து காற்றுக்கு ஒரு பங்கு ஆற்றல் சென்றால், பலகைக்குள் ஏறக்குறைய 40 பங்கு சென்றுவிடும். பயிருக்கு இறைத்த நீர் மணலிற் சுவறுவது போன்றது இவ்விழப்பு.

கீழே உலோகத் தகடு வைத்தால் ஆகாதா எனலாம். உலோகம் அலையைத் திருப்பும். ஆயினும் முகட்டைப் பள்ளமாக்கியே திருப்பும். அன்ரெனா தகட்டை ஒட்டியிருப்பின், செல்லும் அலையும் மீளும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதனைத் தவிர்க்க இரண்டிற்கும் இடையே அலைநீளத்தின் காற்பங்கு தூரம் விடவேண்டும். கருவியும் அதற்கேற்பப் பருத்துவிடும்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பணியாற்றிய எலி யாப்லோனோவிச், சஜீவ் ஜோன் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர். இருவகைப் பொருள்கள் சீரான இடைவெளியில் மாறிமாறி அமையுமாயின், குறித்த மீடிறனுடைய அலை எத்திசையிலும் உட்புகாதவாறு தடுக்கலாம் என்பதே அது. அத்தகைய அமைப்பை ஒளிப்பளிங்கு என்பர்.

சொல்லுதல் எளிது, செய்தல் அரிதாயிற்று. யாப்லோனோவிச்சின் குழுவினர் பல அமைப்புகளைச் செய்து சோதித்து, 1989இல் வெற்றி கிட்டியதென அறிவித்தனர். மறு ஆண்டிலே கணித முறையால் ஆராய்ந்தோர் அவ்வமைப்பின் தடை முழுமையானதன்று எனக் காட்டினர். வைரத்தின் அணு அடுக்கை ஒத்த அமைப்பு முழுத்தடை தரும் என்பதை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணித்துக் கூறினர். குழுவினர் தளரவில்லை. 1991இல், திண்மப் பொருளில் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று சாய்ந்த துளைகளை இட்டு, ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலைகளை முற்றாகத் தடுத்தனர்.

1993இல் பிறவுண், பாக்கர் என்போர் யாப்லோனோவிச்சுடன் சேர்ந்து இத்தகைய பளிங்கின்மேல் ஓர் அன்ரெனாவை அமைத்தனர். உட்புக வழியின்மையால் ஆற்றலின் பெரும்பகுதி காற்றுக்கே சென்றது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. குறித்த மீடிறன் வீச்சுக்குள் மட்டுமே பளிங்கு பயன்படும். அலை நீளுந்தோறும் பளிங்கும் பருத்தல் வேண்டும். இக்குறையைப் போக்க, 1999இல் சீவன்பைப்பரும் அவர்தம் துணைவரும் காளான் வடிவிலான சிறு உலோகத் துண்டுகளை ஒரு தகட்டின்மேல் வரிசையாகப் பதித்தனர். அம்மெல்லிய பரப்பு அலையைத் தலைகீழாக்காமலே திருப்பியது. தகட்டின்மேல் ஊர்ந்து வீணாகும் அலைகளையும் தடுத்தது.

இவற்றுள் எதற்கும் புதிய பொருளொன்று தேவைப்படவில்லை. பழைய பொருளிலே துளையும் துண்டும் உரிய ஒழுங்கில் அமைந்தன, அவ்வளவே. மின்கலத்தின் சிறு ஆற்றலைக் கொண்டு தொலைவோடு பேசவேண்டிய கருவிக்கு, வீணாகாது மீண்ட ஒவ்வொரு பங்கும் செல்வமாகும். மயிலிறகில் அழகாய் நின்ற ஒழுங்கு, அன்ரெனாவிற் சிக்கனமாய்ப் பயன் தருகின்றது.