கடையில்லாக் கடைக்காரர்கள் – 9: திரும்பி வரும் பார்சல் யார் கணக்கில்?

பெங்களூரில் 2007-இல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-இல் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தது. கார்டு இல்லாதவர்களும், முகம் தெரியாத கடைக்கு முன்பணம் கட்டத் தயங்கியவர்களும் இணையத்தில் வாங்கத் துணிந்தார்கள். அதன் மறுபக்கம் சிறு விற்பனையாளருக்குத்தான் தெரியும்: வாசல்வரை போய், "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் திரும்பி வரும் பார்சல். தொழிலில் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள்.

சென்ற வாரம் பார்த்த டி-ஷர்ட் வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். விற்பவர் பெங்களூரில், பிரிண்டும் பேக்கிங்கும் திருப்பூரில். சட்டைக்கு 250 ரூபாய், கூரியருக்கு 70, விற்கும் விலை 450 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 130. வாடிக்கையாளர் பெயர் அச்சிட்ட சட்டை திரும்பி வந்தால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. திரும்பும் கூலி 70-ஐயும் சேர்த்தால் நஷ்டம் 390. மூன்று சட்டை விற்ற லாபம் அதோடு சரி.

ஆகவே பெயர் போட்ட சட்டைக்கு முன்பணம் வாங்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு, பிரிண்டுக்கு அனுப்பும் முன்பே போன் செய்து ஆர்டரை உறுதிசெய்யுங்கள். முகவரியையும் அப்போதே கேளுங்கள். 15-வது கிராஸ் மல்லேஸ்வரத்திலும் உண்டு, ஜே.பி. நகரிலும் உண்டு, ஏரியா பெயரும் பின்கோடும் இல்லாமல் டெலிவரிப் பையன் எந்தத் தெருவில் போய்த் தேடுவான்?

தொலைந்த பார்சல் வேறு கதை. "டெலிவரி ஆகிவிட்டது" என்று டிராக்கிங் காட்டும். வாங்கியவர் கையில் எதுவும் வந்திருக்காது. "கூரியர்காரரிடம் கேளுங்கள்" என்று அவரை அலையவிடுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. அவர் பணம் கொடுத்தது உங்களிடம். டெலிவரிக்கான சான்றைக் கூரியரிடம் அன்றே கேளுங்கள். சான்று இல்லையென்றால் மாற்றுச் சட்டையை உடனே அனுப்பிவிட்டு, க்ளெய்மைப் பிறகு நடத்துங்கள். க்ளெய்முக்குக் கெடு உண்டு, இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் இருக்கலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைச் சிக்கல் வருவதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் விற்பவரையே பொறுப்பாக்குகின்றன. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. சொன்ன நாளைத் தாண்டி வந்தாலும் அப்படித்தான்; இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. அச்சடித்தவர் திருப்பூரில் இருக்கிறார் என்பது இங்கே பதிலாகாது.

அதனால் திருப்பூர்க்காரரோடு பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். கோணல் பிரிண்ட், தையல் விட்டது, சைஸ் மாறிப்போனது எல்லாம் அவர் பொறுப்பு. வாடிக்கையாளருக்குப் பிடிக்காமல் போனது உங்கள் பொறுப்பு. முதல் துவைப்பில் சுருங்கினால்? தகராறு வருவதே இங்கேதான். சாம்பிளை நீங்களே இரண்டு முறை துவைத்து, மார்பளவையும் நீளத்தையும் டேப் வைத்து எடுத்து, எவ்வளவு சுருங்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேக்கிங் வீடியோவில் சட்டையின் இருபக்கமும், சைஸ் லேபிளும், பார்சல் எண்ணும் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். திரும்பும் பார்சல் எந்த முகவரிக்கு வரும், அதைப் பிரித்துப் பார்ப்பவர் யார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், திரும்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் போட்டு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும். தவறினால் கட்டிய வரியும் கைவிட்டுப் போகும்.

(தொடரும்)