குழாய்த் தண்ணீரும் குழந்தையின் மீன்களும்

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் தொட்டியில் பாசி படிந்துவிட்டதே என்று, இருந்த தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கண்ணாடியையும் கூழாங்கற்களையும் பளபளவென்று தேய்த்துக் கழுவி, குழாயில் வந்த புதுத் தண்ணீரை நிரப்பினேன். என் பத்து வயதுப் பெண்ணுக்குப் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த ஆறு மீன்கள் அவை. மாலைக்குள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

"ஏம்பா, நாம குடிக்கிற தண்ணிதானே? அதுக்கு மட்டும் எப்படி விஷமாச்சு?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். ரயில்வே குமாஸ்தாவான எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர் கெட்ட தண்ணீராகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். விசாரித்த பிறகுதான் தவறு முழுக்க என்னுடையது என்று புரிந்தது. தில்லியில் சிறு குடியிருப்புகளில் நாயோ பூனையோ வளர்க்க வழியில்லாமல், குழந்தைகளுக்காக மீன் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நமக்குக் காவல், மீனுக்குக் காலன்

குழாய்த் தண்ணீரில் சில நாள் வரும் பிளீச்சிங் பவுடர் வாடையை எல்லோரும் அறிவோம். அது குளோரின். கிருமிகளைக் கொல்வதற்காகக் கலப்பது. இந்தியத் தர நிர்ணயப்படி, வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

அது எதற்கு என்பதற்குத் தில்லியின் பழைய கதை ஒன்றே போதும். 1955 டிசம்பரிலிருந்து 1956 ஜனவரி வரை இங்கே மஞ்சள் காமாலை பரவி, சுமார் 29 ஆயிரம் பேரைப் படுக்கையில் தள்ளியது. நஜப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர், வஜீராபாத்தில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்துவிட்டதே காரணம். அப்போது குளோரின் அளவைக் கூட்டினார்கள். காமாலைக் கிருமி அதற்கும் தப்பிவிட்டது என்றாலும், டைபாய்டும் சீதபேதியும் கூடவே பரவாமல் தடுக்கப்பட்டன. ஆகவே குளோரினைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மீனின் கதை வேறு. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். அந்தச் சிறிதளவு குளோரின் வயிற்றோடு செயலற்றுப் போகிறது. மீனோ தண்ணீரிலேயே மூச்சு விடுகிறது. மெல்லிய செவுள்களின் மீது குளோரின் நேரடியாகப் பட்டு அவற்றைப் பொசுக்கிவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள்கள் சிவந்து படபடவென்று அடித்துக்கொண்டால், மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

குளிர்காலச் சங்கடம்

"ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும்" என்று பழகியவர்கள் சொல்வார்கள். வெறும் குளோரின் என்றால் அது சரிதான். அகன்ற வாயுள்ள வாளியில் ஒரு நாள், குளிர் காலமானால் இரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் தில்லியில் இதில் ஒரு சிக்கல் உண்டு.

யமுனையில் நீரோட்டம் குறையும் குளிர் மாதங்களில், ஹரியாணாவின் பானிப்பட், சோனிப்பட் பக்கத்துக் கழிவுகளால் அம்மோனியா அளவு ஏறுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமைத் தாண்டினால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் சுத்திகரிப்பைக் குறைக்க நேர்கிறது. அப்போதுதான் "இன்று தண்ணீர் வராது" என்ற அறிவிப்பு வருகிறது. 2025 ஜனவரியில், தேர்தல் நேரத்தில், இதுவே இரு மாநிலங்களுக்கிடையே பெரிய சர்ச்சையானது.

அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. அது வாளியில் வைத்தாலும் லேசில் பறக்காது. எனவே குளிர் காலத்தில் ஆற வைத்தால் மட்டும் போதாது.

என்ன செய்யலாம்?

மீன் கடைகளில் 'ஆன்ட்டி குளோரின்' என்று விற்கும் மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட அதே 'ஹைப்போ' உப்புதான். 10 கிராம் ஹைப்போவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளிக்கு 1 மில்லி தாராளம். குளோரின் உடனே செயலிழந்துவிடும். புட்டியில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

குளோரமைனையும் ஹைப்போ உடைத்துவிடும். ஆனால் அதிலுள்ள அம்மோனியா தண்ணீரிலேயே தங்கும். இங்கேதான் நான் செய்த இரண்டாவது தவறு வருகிறது. தொட்டியின் கூழாங்கற்களிலும் பில்டர் பஞ்சிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவையே. சுத்தம் என்ற பெயரில் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அவற்றையும் கொன்றுவிட்டேன்!

ஆகவே, தண்ணீரை ஒருபோதும் முழுவதும் மாற்றக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். அம்மோனியாவால் தண்ணீர் விநியோகம் குறைந்ததாகச் செய்தி வந்தால், அந்த வாரம் தண்ணீர் மாற்றுவதையே தள்ளிப்போட்டு, தீனியைக் குறையுங்கள். தீனி குறைந்தால் கழிவும் குறையும்.

சூடும் முக்கியம். ஜனவரிக் குழாய் நீர் ஐஸ் போல இருக்கும். மே மாதம் மாடித் தொட்டி நீர் கொதிக்கும். கப்பி, மாலி போன்ற வெப்ப நாட்டு மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். வாளித் தண்ணீரை அறைக்குள் வைத்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகே மெல்ல ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமாயிற்றே என்று அதை மட்டும் ஊற்றுவதும் தவறு. மீனுக்கு வேண்டிய உப்புக்கள் அதில் இல்லை. போர்வெல் நீர் மிகவும் கடினமாக இருக்கும் பகுதிகளில் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

கோடை விடுமுறையில் சென்னை சென்றபோது, வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூரில் மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "மீனை வளர்க்கிறது எங்க, சார்? தண்ணியை வளர்த்தா மீன் தானா வளரும்" என்றார்.

அந்தச் சொல்லை என் பெண் பிடித்துக்கொண்டாள். இப்போது வெள்ளிக்கிழமை இரவே வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது அவள் வேலை. ஹைப்போவை அளந்து விடுவது என் வேலை. தப்பிப் பிழைத்த இரண்டு மீன்களும் இன்று கை நீட்டினால் தீனிக்கு ஓடி வருகின்றன. அவள் கேட்ட கேள்விக்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடிகிறது. ஆனால் நான்கு மீன்கள் போன பிறகு சொல்லும் பதில் அது. மற்ற வீடுகளில் குழந்தைகள் கேட்பதற்கு முன்பே பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.