மாத்திரைக்கு அடங்காத கிருமிகள்

பரளச்சி போன்ற சிற்றூரானாலும் சென்னையானாலும், காய்ச்சல் வந்தால் பலர் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். சீட்டு இல்லாமலே நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி, ரெண்டைப் போட்டுவிட்டு மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கிறோம். இந்தப் பழக்கம் கிருமிக்குத்தான் சாதகம்.

பழகுவது உடம்பல்ல

'மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு' என்பார்கள். உண்மையில் மாறுவது பாக்டீரியா. சூழல் வாய்த்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்போது மரபணுவில் சிறு பிழைகள் நேரும். அவற்றில் ஒன்று மருந்தைத் தாங்க உதவினால், மற்ற கிருமிகள் செத்தபின் அதைப் பெற்ற கிருமி மட்டும் பெருகும்.

தப்பிக்கும் வழிகள்

பெனிசிலினைச் சிதைக்கும் பீட்டாலாக்டமேஸ் நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த டெட்ராசைக்ளினை வெளியேற்றுகின்றன. இன்னும் சில, சிப்ரோஃப்ளாக்சசின் ஒட்ட வேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்கின்றன.

இத்தகைய மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். இரு பாக்டீரியாக்கள் ஒட்டும்போது வளையத்தின் நகல் கைமாறும். வேறு இனக் கிருமிக்கும் போகும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்திருக்கலாம்.

சென்னையில் தெரிந்தது

என்.டி.எம்-1 என்ற நொதி, கடைசிக் கட்டத்தில் மருத்துவமனைகள் நம்பும் கார்பபெனெம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும். 2010-ல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஆய்வு, சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும் அரியானாவில் 26-லும் அதைக் காட்டியது. அதன் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் இருந்தது. இத்தகைய எதிர்ப்பைக் கட்டுப்படுத்த 2012-ல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 முதல் நடப்பிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 2019-ல் தடை செய்யப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

• சாதாரண சளி, ஃப்ளூ வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றுக்கு உதவாது.
• மருத்துவர் சொன்ன அளவை, சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.
• மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.
• ஆடு, கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் மருந்து போடாதீர்கள்.
• சோப்பால் கை கழுவுங்கள், தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை வாங்காதீர்கள்.