காசு எந்தப் பக்கம் ஓடுது?

போன செமஸ்டர்ல ஒருநாள் ராத்திரி, ஹாஸ்டல் மெஸ்ல ஒரு ஜூனியர் பொண்ணு தட்டோட வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. "அக்கா, என் நாவலை ஒரு பப்ளிஷர் செலக்ட் பண்ணிட்டாங்க!" சந்தோஷத்துல சாப்பாட்டுல கையே வைக்கல. ரெண்டு நிமிஷம் கழிச்சு மெதுவா சொன்னா: "18,000 ரூபாதான் கட்டணும்க்கா. ஆஃபர் ஞாயித்துக்கிழமையோட முடியுது."

அந்த 'தான்' எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டாவது வருஷத்துல நானும் அதே 'தான்' சொல்லித்தான் 299 ரூபா கட்டினேன்.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. 'உங்க கவிதை அருமை, எங்க தொகுப்புல கோ-ஆத்தரா சேர விருப்பமா?' நான் அதுவரைக்கும் மொத்தமா நாலு கவிதைதான் போஸ்ட் பண்ணியிருந்தேன். அதுல ரெண்டு, ஒரே கவிதையோட ரெண்டு வெர்ஷன். ஆனாலும் நம்பினேன். ஜிபே பண்ணின அரை மணி நேரத்துல சர்டிஃபிகேட் பிடிஎஃப் வந்துடுச்சு. புத்தகம் வர நாலு மாசம் ஆச்சு. அதுவும் சும்மா வரல, ஒரு காப்பி 180 ரூபா கொடுத்து நானே வாங்கினேன். என் பேர்ல ஒரு எழுத்து தப்பு.

இதுல எங்கே ஏமாத்தினாங்கன்னு கேட்டா, நேரடியா சொல்ல முடியாது. புத்தகம் போடறேன்னாங்க, போட்டாங்க. கொஞ்சம் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. தொகுப்புல 50 பேர். 50 பெருக்கல் 299, 14,950 ரூபா. ஆளுக்கு ஒரு காப்பி வாங்கினா இன்னொரு 9,000. ஆக, வெளியில இருந்து ஒரே ஒரு வாசகர் கூட அந்தப் புத்தகத்தைத் தொடறதுக்கு முன்னாடியே 23,950 ரூபா வந்தாச்சு. அப்புறம் அதை விக்கணும்னு யாருக்கு என்ன அவசரம்?

இதுக்குப் பேர்தான் வேனிட்டி பப்ளிஷிங். வேனிட்டின்னா தற்பெருமை. பேரே கொஞ்சம் குத்தலா இருக்குறதால, 'நீ வேனிட்டி, நான் செல்ஃப்'னு எழுத ஆசைப்படறவங்க ஆன்லைன்ல வருஷக்கணக்கா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. சண்டையில பாதி, வார்த்தைக் குழப்பம்தான். வழக்கமான பதிப்பகம்னா செலவு அவங்களோடது. எடிட்டிங், அச்சு, கிடங்கு எல்லாம் அவங்க கைக்காசு. புத்தகம் விக்கலைன்னா நஷ்டமும் அவங்களுக்குத்தான், அதனாலதான் அவ்வளவு யோசிச்சு, முக்கால்வாசியை நிராகரிச்சு எடுக்கிறாங்க. செல்ஃப் பப்ளிஷிங்னா நீங்களே பதிப்பாளர். செலவு உங்களோடது, ஆனா உரிமையும் விலையும் அட்டைப்படமும் கூட உங்க முடிவுதான். வேனிட்டி இந்த ரெண்டுலயும் உங்களுக்கு நஷ்டமானதை எடுத்து ஒட்ட வச்சது. செலவு உங்களோடது, முடிவு அவங்களோடது. அதுக்கு மேல 'உங்களைத் தேர்ந்தெடுத்தோம்'னு ஒரு பொன்னாடை.

'யாக்ஸ் லா'ன்னு ஒரு விதி இருக்கு. நம்ம ஓம்ஸ் லா மாதிரியே ஒரு வரிதான். காசு எழுத்தாளரை நோக்கித்தான் ஓடணும். சொன்னவர் ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட், அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர். கரண்ட் எந்தத் திசையில பாயுதுன்னு பார்த்தாலே சர்க்யூட் புரிஞ்சிடும் இல்லையா, அதே லாஜிக்.

அவர் பேர் இன்னொரு விஷயத்துக்காகவும் தெரிஞ்சிருக்கணும். இந்தச் சண்டையோட வரலாற்றுலயே செம காமெடியான அத்தியாயம் அது.

அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல ஃபிரடெரிக்னு ஒரு ஊர். அங்கே பப்ளிஷ்அமெரிக்கான்னு ஒரு நிறுவனம் இருந்துச்சு. அவங்க ஸ்டைல் வித்தியாசமானது. முன்பணமா ஒரு பைசா கேக்க மாட்டாங்க. மாறா, உங்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பாங்க, ஒரே ஒரு டாலர்! ஏழு வருஷ ஒப்பந்தம். 'நாங்க வேனிட்டி இல்ல, பாரம்பரியப் பதிப்பகம்'னு அடிச்சுச் சொல்லுவாங்க. அப்போ காசு எங்கே இருந்து வரும்? எழுதினவங்களே தள்ளுபடி விலையில தங்களோட புத்தகத்தை வாங்குவாங்க, அதுல இருந்து. சொந்தக்காரங்க, நண்பர்கள் லிஸ்ட் கொடுங்கன்னு கேட்டு, அவங்களுக்கும் கடிதம் போகும். அச்சு முறை பிரிண்ட் ஆன் டிமாண்ட். ஆர்டர் வந்தா மட்டும் ஒரு காப்பி அடிக்கிறது. ஆஃப்செட்ல பிளேட் போட்டு ஆயிரம் காப்பி அடிச்சுக் குவிச்சாதான் விலை கட்டுப்படியாகும். இதுல ஒண்ணே ஒண்ணு கூட அடிக்கலாம், கிடங்கு வேண்டாம், நஷ்டமும் கிடையாது. இந்த டெக்னாலஜி வந்த பிறகுதான் வேனிட்டி ஆளுங்களுக்கு 'முன்பணம் வேண்டாம்'னு சொல்ற தைரியமே வந்துச்சு.

முன்பணமே வாங்காதவங்களை வேனிட்டின்னு சொல்லலாமா? சண்டை அங்கேதான் பத்திக்கிச்சு. எச்சரிச்ச எழுத்தாளர்கள்ல நிறைய பேர் அறிவியல் புனைகதை, ஃபேன்டசி எழுதறவங்க. பதிலுக்கு அந்த நிறுவனம் தங்களோட ஒரு வலைத்தளத்துல, அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் தர அளவுகோலே ரொம்பக் கம்மி, அவங்க பேச்சை நம்பாதீங்கங்கிற அர்த்தத்துல எழுதிடுச்சு. வேணும்னா போய்ப் புலி வாலைப் பிடிச்ச மாதிரி.

மெக்டொனால்ட் 30-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களைச் சேர்த்தார். தெரிஞ்சே, திட்டமிட்டு, முடிஞ்ச அளவுக்கு மோசமா ஒரு நாவல் எழுதணும். ஆளுக்கு ஒரு அத்தியாயம். முன்னாடி பின்னாடி என்னன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. 'அட்லாண்டா நைட்ஸ்'னு பேர். எழுதினவர் பேர் 'டிராவிஸ் டீ'. வேகமா சொல்லிப் பாருங்க, 'டிராவஸ்டி', அதாவது கேலிக்கூத்து. அதுல பன்னிரண்டாவது அத்தியாயம் ரெண்டு இருக்கு, இருபத்தொண்ணாவது இல்லவே இல்ல. ஒரு அத்தியாயம் அச்சு அசலா இன்னொரு இடத்துல திரும்ப வருது. முப்பத்திநாலாவது அத்தியாயத்தை மனுஷங்க எழுதவே இல்ல, மத்த அத்தியாயங்களைப் போட்டுக் கலக்கி ஒரு சாஃப்ட்வேர் துப்பினது. சாட்ஜிபிடி எல்லாம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி! உச்சகட்டம் என்னன்னா, கதாபாத்திரங்களோட பேர்ல முதல் எழுத்துகளைக் கோர்த்தா 'பப்ளிஷ்அமெரிக்கா ஒரு வேனிட்டி பிரஸ்'னு ஆங்கிலத்துல ஒரு வாக்கியமே வரும்.

2004 டிசம்பர்ல அந்த நாவல் ஏத்துக்கப்பட்டுச்சு. 2005 ஜனவரி 23 அன்னைக்கு எழுத்தாளர்கள் உண்மையைப் போட்டு உடைச்சாங்க. மறுநாளே 'மறுபரிசீலனை பண்ணினோம், தகுதி இல்ல'ன்னு நிறுவனம் பின்வாங்கிடுச்சு. ஆக, நாவலைப் படிச்சுத்தான் தேர்வு பண்றாங்களாங்கிற கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

இதோட சண்டை முடிஞ்சிருக்கணும் இல்ல? முடியல. அந்த நிறுவனத்தை ரொம்ப ஆவேசமா காப்பாத்திப் பேசினவங்கள்ல நிறைய பேர், அங்கேயே புத்தகம் போட்ட எழுத்தாளர்கள்! எச்சரிச்சவங்களைப் 'பொறாமை பிடிச்சவங்க'ன்னு திட்டினாங்க.

முதல்ல படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் என் ரெஸ்யூமே ஞாபகம் வந்துச்சு. 'பப்ளிஷ்டு ஆத்தர்'னு போட்டு வச்சிருந்தேன். மாக் இன்டர்வியூவுல, எங்களுக்கு கிளாஸ் எடுக்காத ஒரு மேடம் கேட்டாங்க: "நல்ல விஷயம்மா. யாரு எடிட் பண்ணாங்க? என்ன மாத்தச் சொன்னாங்க?" எடிட் பண்ணினா ஏதாவது மாத்துவாங்கங்கிறதே எனக்கு அப்போதான் உறைச்சது. யாரும் ஒரு கமா கூட மாத்தல. அன்னைக்கு சாயங்காலம் ரூம்மேட், "அது காசு கொடுத்தா யாரையும் போடறதுதானேடி"ன்னு சாதாரணமா சொன்னதுக்கு, அவகிட்ட ரெண்டு நாள் பேசல. 299 ரூபாய்க்காக இல்ல. அந்தப் புத்தகம் பொய்யின்னா, நான் எழுதறேன்னு நினைச்சதும் பொய்யாயிடுமோன்னு ஒரு பயம். அந்த அமெரிக்கக்காரங்க ஏன் அப்படிக் கத்தினாங்கன்னு அதனால ஓரளவு புரியுது. எச்சரிக்கிறவங்களும் எல்லா நேரமும் ஒழுங்காப் பேசறதில்ல. 'உன் எழுத்து குப்பை, அதனாலதான் அங்கே போன'ன்னு ஆரம்பிச்சா யார் காது கொடுத்துக் கேப்பாங்க?

எதிர்த்தரப்பு வாதம் எல்லாமே மொக்கைன்னும் சொல்ல முடியாது. வால்ட் விட்மன் 1855-ல 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' தொகுப்பைத் தன் செலவுலதான் போட்டார், தெரியுமான்னு கேப்பாங்க. உண்மைதான். ஆனா அவர் யாரும் தன்னைத் தேர்ந்தெடுத்ததா நினைச்சுக்கிட்டுக் காசு கட்டல, அவரே அச்சகத்துல நின்னு வேலை பார்த்தார். அது செல்ஃப் பப்ளிஷிங். இன்னொரு வாதம், பெரிய பதிப்பகங்களே இந்த பிசினஸ்ல இருக்காங்களேன்னு. அதுவும் உண்மை. 2012-ல பென்குவினோட தாய் நிறுவனம் பியர்சன், எழுத்தாளர்கிட்ட காசு வாங்கிப் புத்தகம் போடற ஆத்தர் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தை 116 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. அடுத்த வருஷமே பார்ட்ரிட்ஜ்னு ஒரு பேர்ல இந்தியாவுக்கும் அந்தச் சேவை வந்துச்சு. அப்புறம் பென்குவின் தரப்பு அதை வித்துட்டு வெளியே போயிடுச்சு. பெரிய பேர் பக்கத்துல இருந்தாலும், காசு எந்தத் திசையில ஓடுதுங்கிறது மாறல.

சரி, ஜூனியரோட 18,000-க்கு வருவோம். அந்த பேக்கேஜ் பிரோஷரை ரெண்டு பேரும் உட்கார்ந்து படிச்சோம். பெரிய எழுத்துல '100 சதவீத ராயல்டி'. கீழே பொடி எழுத்துல 'நிகர லாபத்தில்'. உதாரணத்துக்கு, விலை 250 ரூபா. அச்சுச் செலவு 110, ஆன்லைன் கடை கமிஷன் 100 போனா மிச்சம் 40. அந்த நாப்பதுல நூறு சதவீதம். 18,000 திரும்ப வரணும்னா 450 காப்பி விக்கணும். "எங்க சொந்தக்காரங்க மொத்தமே அறுபது பேர்தான்க்கா"ன்னா.

அடுத்தது 'ஐஎஸ்பிஎன் சேர்த்து'ன்னு போட்டிருந்துச்சு. இதை மட்டும் தயவுசெய்து எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவுல ஐஎஸ்பிஎன் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற ராஜாராம் மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். எழுதினவங்களே தனியாளாவும் போடலாம். அது தரச் சான்றும் கிடையாது, வெறும் 13 இலக்க அடையாள எண். கடைசி இலக்கம் செக் டிஜிட். மத்த இலக்கங்களை 1, 3, 1, 3-ன்னு மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தைப் பத்தோட மடங்காக்க எவ்வளவு வேணுமோ அதுதான் அந்த இலக்கம். முதல் வருஷ சி புரோகிராமிங் லேப் சம் அளவுக்குத்தான் அதுல மர்மம். கிண்டில்ல தமிழ்ப் புத்தகத்தை ஏத்தறதுக்கும் காசு கிடையாது.

அவளை மூணு கேள்வி அனுப்பச் சொன்னேன். என் நாவல்ல எந்த அத்தியாயம் உங்களுக்குப் பிடிச்சது? கடைசியா போட்ட புத்தகம், எழுதினவரைத் தவிர எத்தனை பேர் வாங்கினாங்க? பிடிக்கலைன்னா ஒப்பந்தத்தை விட்டு எப்படி வெளியே வர்றது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பதில் வந்துச்சு. மூணுக்கும் பதில் இல்ல. 'உங்களுக்காக 14,999' மட்டும் இருந்துச்சு.

அவ கட்டல. ஆனா ஒரு நாள் முழுக்க யார்கிட்டயும் பேசல. அப்புறம்தான் சொன்னா, ஊர்ல தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, "உன் புத்தகத்தைத்தான் முதல்ல படிப்பேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காராம். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கணக்குல எல்லாம் நான் சரிதான், ஆனா அந்தக் கணக்குல தாத்தாவுக்கு இடமே இல்ல.

கடைசியில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் பைண்ட் பண்ற டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போனோம். எழுத்து அளவு 16, தாத்தா கண்ணாடி இல்லாமப் படிக்கிற மாதிரி. மொத்தம் பத்து காப்பி. அட்டைப்படம் சிவில் டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன் போட்டுக் கொடுத்தான். இதுக்கும் காசு அவகிட்ட இருந்துதான் போச்சு, யாக்ஸ் லா படி திசை தப்புதான். ஆனா கடைக்கார அண்ணன் அவ நாவலைத் தேர்ந்தெடுத்ததா சொல்லல. "பக்கத்துக்கு இவ்வளவு, பைண்டிங்குக்கு இவ்வளவு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோம்மா"ன்னார். வெள்ளிக்கிழமை ரெடியா இருந்துச்சு.

அந்த ஃபைலை அவ இப்போ திரும்பத் திருத்திக்கிட்டு இருக்கா. ஏழாவது அத்தியாயம் இழுக்குதுன்னு தாத்தா சொல்லிட்டாராம்.